கிரைண்டர் சுருக்கென்றால்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கிரைண்டரைத் தொட்டால், ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தால், தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியில் கை பட்டால் லேசாகச் சுருக்கென்கிறதா? அப்படி உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்.

நிறையக் கைகள். அந்த மூலையில் ஓர் அம்மா, "செருப்புப் போட்டுக்கிட்டு மாவாட்டினா ஒண்ணும் தெரியாது சார்" என்கிறார். இன்று நான் பேச வந்ததே அந்தச் செருப்பைப் பற்றித்தான். நீங்கள் சொல்வது உண்மை அம்மா. ரப்பர் செருப்புப் போட்டால் தெரியாது. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் அப்படியேதான் இருக்கிறது. அது உங்கள் வழியாகத் தரைக்கு இறங்காமல் செருப்பு தடுத்துக்கொண்டிருக்கிறது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளை வெறுங்காலோடு ஓடிவந்து தொடும். அல்லது நீங்களே இடக்கையில் இரும்புக் குழாயைத் திறந்தபடி வலக்கையால் டிரம்மைத் தொடுவீர்கள். அன்றைக்குச் செருப்பு உதவாது.

நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். வீடு வீடாகப் போய் வயரிங் சோதித்த அனுபவமும் உண்டு. வீட்டு மின்சாரத்தில் வரும் கோளாறுகளை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தால் இன்று ராத்திரி போதாது. அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம். மெயின் போர்டில் மாட்டியிருக்கிறோமே, அந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் யாரைக் காப்பாற்ற இருக்கின்றன? வயரையா, மெஷினையா, உங்களையா? இது தெரியாததால்தான், போர்டு நிறையப் புதுச் சாமான் மாட்டிய வீட்டிலும் ஆள் சாகிறார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கையும் காலும் உலர்ந்திருந்தால் மனித உடம்பு சில ஆயிரம் ஓம் தடை காட்டும். மாவு வழித்த ஈரக் கை, கழுவிவிட்ட தரை, வெறுங்கால் என்றால் அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23. அதாவது 230 மில்லி ஆம்பியர் கரண்ட் உடம்பில் ஓடும். இது எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் இருந்தார். எவ்வளவு கரண்ட் வரை ஒரு மனிதரால் பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிறது என்பதைத் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சராசரியாக 10.5 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விட வேண்டும் என்று மனம் நினைத்தாலும் விரல் பிரியாது. "கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அது இதுதான். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகத் தொடர்ந்து ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகக்கூடும். நாம் பேசுவது 230.

இங்கேதான் பலர் சொல்வார்கள்: "எங்க வீட்டுல ஃபியூஸ் கட்டையை எல்லாம் எடுத்துட்டு எம்.சி.பி. போட்டாச்சு சார். ஷாக் அடிச்சா விழுந்துடும்." விழாது. தயவுசெய்து இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. 16 ஆம்பியர் என்று எழுதிய எம்.சி.பி., 16 ஆம்பியர் வரை எவ்வளவு நேரமானாலும் பேசாமல் விட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் போடும் 'சி' வகை எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமானால் அதன் அளவைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். உங்கள் உடம்பில் ஓடுவதோ கால் ஆம்பியர்கூட இல்லை. ஒரு மேசை விளக்கு எரிகிறது என்றுதான் அந்த எம்.சி.பி.க்குப் படும். பழைய ஃபியூஸ் கட்டைக்கும் இதே கதைதான்.

"அப்போ எர்த் எதுக்கு?" நியாயமான கேள்வி. மெஷினின் உலோக உடம்பிலிருந்து ஒரு பச்சை வயர் கிளம்பி, வீட்டுக்கு வெளியே இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் புதைத்துக் கரியும் உப்பும் போட்ட குழிக்குப் போகிறது. உடம்பில் கரண்ட் கசிந்தால் அது உங்களைத் தேடாமல் இந்தப் பாதையில் மண்ணுக்கு இறங்க வேண்டும். அப்போது பெரிய கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போக வேண்டும். எண்ணம் நல்லது. ஆனால் நம் வீட்டு எர்த் குழிகளின் நிலைமையைப் பாருங்கள். வீடு கட்டியபோது தோண்டியது. பிறகு அதன்மேல் டைல்ஸ் ஒட்டியாயிற்று, அல்லது கார் நிறுத்தத் தளம் போட்டாயிற்று. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. சித்திரை வெயிலில் காய்ந்த அந்தக் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது! கிரைண்டரின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டுக்காரர் "எங்க வீட்டுல எர்த் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பார். எர்த் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எர்த் கட்டாயம் வேண்டும், குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆளை வைத்து அதன் தடையை அளக்க வேண்டும். எர்த் மட்டும் போதாது என்கிறேன்.

உங்களைக் காப்பாற்றும் கருவி வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய எலெக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். பார்க்க அகலமான எம்.சி.பி. மாதிரி இருக்கும், முகப்பில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் ஒன்று கூடுதலாக இருக்கும். ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் அதற்குள் இருக்கும் ஒரு வளையத்தின் வழியாகச் சேர்ந்து போகின்றன. ஃபேஸில் எவ்வளவு போயிற்றோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்தால் எந்த அசைவும் இல்லை. போனதில் 30 மில்லி ஆம்பியர் திரும்பவில்லை என்றால், அது எங்கோ மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவேளை ஒரு மனிதர் வழியாக. உடனே அது சப்ளையைத் துண்டிக்கும். அதிகபட்சம் 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது தரநிலை. கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக விழும். காய்ந்துபோன எர்த் குழியாக இருந்தாலும் இதற்குத் தேவையான கரண்ட் அதில் பாய்ந்துவிடும். எர்த்தே இல்லாத பழைய வீட்டில்கூட, தொட்டவருக்கு ஓர் அடி அடித்தவுடன் விழுந்து உயிரைக் காப்பாற்றும். தமிழ்நாட்டில் இப்போது புதிய மின் இணைப்புக்கு இது கட்டாயம் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருக்கிறது. ஏற்கெனவே இணைப்பு வாங்கியவர்களை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் 100, 300 என்றும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்கும் நோக்கத்தில் செய்தவை, ஆளைக் காக்க ஏற்றவை அல்ல. இன்னொன்று: ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது, அதனால் எம்.சி.பி.யும் கூடவே இருந்தாக வேண்டும். ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால் இதற்குத் தெரியாது, ஏனென்றால் போனதெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. அந்த 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் தொங்கும் வெறும் பிளாஸ்டிக் டப்பா; மாற்றிவிடுங்கள். மாதாமாதம் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனையோ வீடுகளில் ஆர்.சி.சி.பி. போர்டில் இருக்கிறது, ஆனால் வேலையில் இல்லை. "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது" என்று வீட்டுக்காரர் சொன்னார், வந்த எலெக்ட்ரீஷியன் இரண்டு பக்கத்து வயரையும் நேராக இணைத்து அதை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள். ஆர்.சி.சி.பி. சும்மா விழாது. ஒன்று, எங்கோ கரண்ட் கசிகிறது. அல்லது வயரிங்கில் நியூட்ரல் கலந்திருக்கிறது.

இந்த இரண்டாவது காரணம் நம் ஊரில் மிக அதிகம், ஏனென்றால் இன்வெர்ட்டர். வீடு கட்டிப் பல வருடம் கழித்து இன்வெர்ட்டர் வாங்குகிறோம். அதற்குத் தனி நியூட்ரல் இழுக்க வேண்டும். சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்து இணைத்துவிடுகிறார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு இடிக்கிறது, விழுகிறது. இதற்குத் தீர்வு நியூட்ரலைப் பிரித்து முறையாக இழுப்பதுதான். ஒருநாள் வேலை. அந்த ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் உயிர்காக்கும் கருவியைக் கழற்றிவிடுகிறோம்.

கசிவு என்றால் எங்கே என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். போர்டைத் திறக்க வேண்டாம். மேலே தெரியும் சுவிட்சுகள் போதும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் கோளாறு. அந்தச் சர்க்யூட்டில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். நின்றால், பிடுங்கியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அனுபவத்தில் கீசர் காயில், பழைய அயர்ன் பாக்ஸ், மொட்டைமாடி விளக்கு, தண்ணீர் மோட்டார், இவைதான் முதலில் மாட்டும். எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம், சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் உயிரோடு இணைந்தே இருக்கும். அதற்கு மேல் ஆளைக் கூப்பிடுங்கள்.

வயரை எம்.சி.பி. காக்கிறது, ஆளை ஆர்.சி.சி.பி. காக்கிறது என்று பார்த்தோம். இரண்டுக்கும் தெரியாமல் வீட்டைக் கொளுத்துகிற ஒன்று இருக்கிறது: லூஸ் கனெக்ஷன்.

உங்கள் கீசர் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் எடுக்கும். பிளக்கிலோ சுவிட்சிலோ ஒரு திருகாணி சரியாக இறுகவில்லை. அந்த இடத்தில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானதாக வைத்துக்கொள்ளுங்கள், மிகச் சின்ன அளவு. அங்கே உண்டாகும் வெப்பம், கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வரும்: 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.1, கிட்டத்தட்ட 17 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஏறக்குறைய அந்தச் சூடு, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரு கடுகளவு இடத்தில், தினமும் காலையில் கீசர் ஓடும் நேரமெல்லாம். சூட்டில் செம்பு கறுத்து ஆக்சைடு படிகிறது, தடை கூடுகிறது, சூடு மேலும் கூடுகிறது. கரண்ட் அதே 13 ஆம்பியர்தான், எம்.சி.பி. எதற்கு விழும்? மண்ணுக்குக் கசிவு இல்லை, ஆர்.சி.சி.பி. எதற்கு விழும்?

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர்களின் கண்ணும் மூக்கும் கையும்தான் இருக்கின்றன. கீசரோ அயர்ன் பாக்ஸோ ஓடி முடித்து, சுவிட்சை அணைத்தபின், பிளக்கின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, தொட முடியாத சூடு என்றால் கோளாறு. சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ ஏறியிருக்கிறதா பாருங்கள். சுவிட்சைப் போடும்போது 'சர்ர்' என்று சத்தம் வருகிறதா கேளுங்கள். இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது: சுவிட்சு, சாக்கெட் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடை மாதிரி ஒரு வாடை வரும். சமையலறையில் மீன் இல்லை, ஆனால் ஒரு சுவிட்ச் போர்டுப் பக்கம் போனால் மட்டும் மீன் வாடை அடிக்கிறது என்றால், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் என்று நாம் சொல்கிற நீட்டிப்புப் பெட்டிக்கும் இதே கணக்கு. அது டி.வி.க்கும் செல்போன் சார்ஜருக்கும் ஆனது. அதில் ஹீட்டரையும் இண்டக்ஷன் அடுப்பையும் மாட்டக் கூடாது. வயரைச் சுருட்டி வைத்தபடி பெரிய லோடு ஓட்டினால் சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பிளக் இல்லாமல் வயர் நுனியைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். போன மாதம்கூட ஒரு விசேஷ வீட்டுப் பந்தலில் பார்த்தேன். அதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள், யார் வீடாக இருந்தாலும்.

ஏ.சி. வாங்கியபின் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஃபியூஸ் கட்டையில் நாலு இழைச் செம்பை முறுக்கிக் கட்டினார்களே, அதே காரியம். சுவருக்குள் இருக்கும் வயர் அப்படியேதானே இருக்கிறது? விளக்கு, ஃபேனுக்கு ஒன்று அல்லது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. பவர் பிளக்குக்கு இரண்டரை, 16 ஆம்பியர். ஏ.சி.க்கும் கீசருக்கும் மெயினிலிருந்து தனியாக இழுத்த நாலு சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியர். பொதுவாக இந்த அளவில் இருந்தால் கவலை இல்லை. பழைய ஆட்கள் 1/18, 3/20, 7/20 என்பார்கள். 3/20 என்றால் இருபதாம் கேஜ் கம்பி மூன்று இழை. கணக்குப் போட்டால் இரண்டு சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை இரண்டரை என்று நினைத்து லோடு ஏற்ற வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வயரிங்கில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸோடு வரும் வயரில் பழுப்புதான் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். ஆக, ஒரே நீலம் சுவருக்குள் ஃபேஸாகவும் மிக்ஸி வயரில் நியூட்ரலாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பி எந்த வயரையும் தொடாதீர்கள். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் எர்த். அது மற்ற இரண்டைவிட நீளம், ஏனென்றால் செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். அதை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டுகிறவர், இத்தனை யோசித்துச் செய்த ஏற்பாட்டை ஒரு கட்டிங் பிளேயரால் தீர்த்துக்கட்டுகிறார்.

சில சின்னச் சந்தேகங்களை வேகமாகத் தீர்த்துவிடுகிறேன். எல்.இ.டி. பல்பு அணைத்தபிறகும் மங்கலாக எரிகிறது என்றால், சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கலாம், அல்லது சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். முதலாவது ஒன்றும் செய்யாது. இரண்டாவது ஆபத்து: சுவிட்சை அணைத்துவிட்டு பல்பு மாற்றப் போனாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர். வயரிங்குக்குச் சம்பந்தம் இல்லை. டெஸ்டரை முழுக்க நம்பாதீர்கள். நீங்கள் மர ஸ்டூலில் நின்றால் கரண்ட் இருந்தும் எரியாமல் போகலாம், வெயில் வெளிச்சத்தில் எரிவது கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் இருப்பது நிச்சயமான ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. "ரிட்டர்ன் வருது" என்பார்கள். அப்போது கறுப்பு வயரும் கொல்லும்.

நியூட்ரல் என்றதும் இன்னொன்றை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். திடீரென்று ஒரு ராத்திரி, ஒரு அறையில் விளக்கு கண்ணைக் கூசும்படி எரிகிறது, அடுத்த அறையில் அழுது வடிகிறது. ஃபேன் ஒன்று தலைதெறிக்கச் சுற்றுகிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் இப்படி நடந்தால் மெயின் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் இல்லாதபோது இரு அறைகளின் சாமான்களும் தொடராக இணைந்து அந்த 400-ஐப் பங்கிட்டுக்கொள்கின்றன. லோடு குறைந்த பக்கத்துக்கு 300, 350 என்று ஏறிவிடும். சில நிமிடத்தில் டி.வி., ஃப்ரிட்ஜ், செட்-டாப் பாக்ஸ் எல்லாம் போகும், தீயும் பிடிக்கலாம். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் ஒற்றை ஃபேஸ் வீடுகளுக்கும் இதே கதிதான், அடுத்த வீட்டோடு சேர்ந்து. சுவிட்ச் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள், பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள், பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இந்த மாதிரி நேரத்தில் எர்த்தை எடுத்து நியூட்ரலாக வைத்து ஓட்டிக்கொடுக்கிற எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியும். ஆனால் அந்த வீட்டிலுள்ள ஒவ்வொரு இரும்புச் சாமானின் உடம்பிலும் கரண்ட் ஏற வழி திறந்துவிட்டார் என்று பொருள். காசு கொடுத்து அனுப்பாதீர்கள். பிரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கோளாறுகள் தனி ரகம். சுவர் ஈரம் இழுத்தால் சுவரையே தொட முடியாமல் போவதுண்டு. துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ, சர்வீஸ் வயர் வரும் இரும்புப் பைப்பிலோ கட்டியிருந்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுங்கள். கிராமத்திலும் நகரத்திலும் எத்தனையோ தாய்மார்களைக் கொண்டுபோனது இந்தக் கம்பி. சர்வீஸ் வயரின் உறை காற்றில் உராய்ந்து தேய்ந்திருக்கும்; மழையில் பைப்பில் கரண்ட் இறங்கும்; அங்கிருந்து ஈரத் துணிக்கு. கொடி கட்ட நைலான் கயிறு போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தள வீடுகளின் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு மெயினைப் போடுவதுதான் அப்போது பெரிய ஆபத்து. பைப்புக்குள்ளும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் சேறு இருக்கும். பெட்டிகளைத் திறந்து காயவிட்டு, மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒவ்வொரு சர்க்யூட்டாக ஏற்ற வேண்டும். தண்ணீர் ஏறும் அபாயம் உள்ள தெருவில் இருப்பவர்கள் அடுத்த முறை வயரிங் செய்யும்போது பிளக் பாயின்ட்டுகளை இடுப்புக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்களுக்கு: தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன்பிறகு கையை வையுங்கள். சுவிட்ச் அணைத்தது மட்டும் போதாது. முன்பு சொன்னேனே, அது நியூட்ரலில் இருக்கலாம்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால், பதறிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பேர் போவதுதான் நடக்கும். மெயினை அணையுங்கள். எங்கே என்று தெரியவில்லை என்றால், உலர்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளிவிடுங்கள். 108-க்குப் போன் போடுங்கள். மூச்சில்லை, அசைவில்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருங்கள், வண்டி வரும்வரை. வீட்டில் பெரிய பிள்ளைகள் எல்லோருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

கடைசியாக, யாரை வேலைக்குக் கூப்பிடுவது என்பது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தகுதிச் சான்று கொடுக்கிறது. அனுபவத்தில் தொழில் கற்றவர்களுக்கும் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல வேலைக்காரர் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார். அப்படிப்பட்டவர் கேட்கும் கூலியை முணுமுணுக்காமல் கொடுங்கள். டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் செலவழித்துவிட்டு, வயரில் மீட்டருக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அவரை நெருக்குகிறோம். அவர் பிறகு எங்கே குறைப்பார்? எர்த் வயரில்தான்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன். "வாடகை வீட்டில் இருக்கிறோம். குளியலறையில் ஷவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. வீட்டு ஓனர் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?"

அம்மா, யார் எழுதியது என்று கேட்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் கீசரின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், யாரும் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாது. பெரும்பாலும் கீசர் காயிலில் ஓட்டை விழுந்து தண்ணீர் வழியாகக் கரண்ட் வருகிறது, எர்த்தும் விட்டுப்போயிருக்கிறது. கீசரை நிறுத்தியும் ஷாக் நிற்கவில்லை என்றால், மேல்தொட்டிக்குப் போகும் மோட்டாரைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள். நாளைக்கே ஒரு வயர்மேனைக் கூட்டிவந்து மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஓனர் தர மாட்டார் என்றால் உங்கள் காசில் போடுங்கள், தனிச் சிறு பெட்டியில் பொருத்தச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பழைய இணைப்பை வயர்மேனை வைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டு அதைக் கழற்றி எடுத்துப் போகலாம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், ஓனருக்குக் கொடுக்க ஒரு கடிதம் நானே எழுதித் தருகிறேன்.

அடுத்த சீட்டைக் கொடுங்கள்.